வழிபா யார்?

வேப்பனப்பள்ளி நாராயணம்மாவின் வீட்டை வங்கிக்கடனுக்காக மதிப்பிட ஓசூரிலிருந்து வந்திருந்தார் அன்புமணி. கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். எங்கும் கரையான் இல்லை. கடைசியாகச் சாமி அறைக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. அறையின் நடுவே, மஞ்சளும் குங்குமமும் பூசி, மூன்றடி உயரத்தில் ஒரு புற்று.

“எங்க நாகம்மாங்க. அவதான் மொதல்ல இருந்தா. வீட்டை அப்புறந்தான் கட்டினோம்” என்றார் நாராயணம்மா.

அன்புமணி கைப்பேசியைத் திறந்தார். வங்கியின் சாஃப்ட்வேரில் கேள்வி சுருக்கமாக இருந்தது. வீட்டுக்குள் புற்று: உண்டு, இல்லை. ‘உண்டு’ என்று தொட்டார். திரை சிவந்தது. ‘கட்டடம் பாதுகாப்பற்றது. மருந்தடித்த சான்றிதழ் இணைக்கவும்.’

“நாகம்மாவுக்கு மருந்தா?” நாராயணம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மகள் ரூபாவுக்கு வேறு கவலை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கம்பெனிக்காரர்களுக்கே யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கத் தையற்கூடம் போட இருந்தாள். இந்தக் கடன் வந்தால்தான் மெஷின் வரும்.

“இல்லைன்னு போட்டுடுங்க சார். போனுக்கு என்ன தெரியும்?”

“போனுக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியுமே. பார்த்ததை மறைக்கக் கூடாதுங்கறது எங்க தொழில் விதி. கையெழுத்து என்னுது.”

“விதியைப் பாத்தா மெஷின் வருமா சார்?”

“சும்மா இருடி” என்றார் நாராயணம்மா. “தினம் பால் வெச்சுட்டு, பேங்க்ல போய் அவ இல்லைன்னு எழுதறதா? சார், நீங்க உண்டுன்னே போடுங்க.”

அன்புமணிக்கு அந்த அம்மாளைக் கும்பிடத் தோன்றியது. இருபது வருடத் தொழிலில், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று வீட்டுக்காரரே கேட்டது இதுதான் முதல் தடவை.

குறிப்புக்கென்று திரையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ‘நாகம்மா புற்று, வழிபாட்டில் உள்ளது, மரத்தில் கரையான் இல்லை’ என்று அடித்து அனுப்பினார். கட்டத்துக்கு அவ்வளவு கொள்ளவில்லை. பாதியில் வெட்டிவிட்டது.

அரை மணி நேரத்தில் வங்கி மேலாளர் பிரதாப் அழைத்தார்.

“சார், ரிப்போர்ட் செவப்பா வந்திருக்கு. தள்ளிடலாம்னுதான் இருந்தேன். ஆனா ‘நாகம்மா புற்று, வழிபா’ன்னு எழுதியிருக்கீங்க. வழிபா யாரு சார்? பத்திரத்துல நாகம்மாவும் இல்ல, வழிபாவும் இல்ல. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வருவாங்களா?”

அன்புமணி சிரிக்காமல் விளக்கினார்.

“எல்லாத்தையும் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். படிப்பீங்களா சார்?”

“படிக்கறேன். செவப்பை மாத்த எனக்கு அதிகாரம் உண்டு. ஆனா நேர்ல வந்து பாக்கணும்.”

மறுநாள் காலை பிரதாப் வந்தார். ஒரு கையில் அன்புமணியின் நான்கு பக்க அறிக்கை, மறு கையில் ஒரு பாக்கெட் பால். அறிக்கையில் எழுதியிருந்த கதவுகளையெல்லாம் அவரும் தட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் புற்றுக்குப் பால் வைத்தார். பிறகு, தன் கைப்பேசியில் அதே குறிப்புக் கட்டத்தில் ‘நேரில் பார்த்தேன், கரையான் இல்லை, கடன் தரலாம்’ என்று அடித்து ஒப்புதலைத் தொட்டார். திரை பச்சையானது. ரூபா அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

உடனே பிரதாப்பின் கைப்பேசி அடித்தது. தலைமை அலுவலகம்.

“சார், ‘நேரில் பார்த்தேன், கரை’ன்னு இருக்கே. வீடு ஏரிக்கரையிலயா இருக்கு?”

பிரதாப் புற்றின் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நாராயணம்மா சத்தமில்லாமல் அவர் அருகில் காபியை வைத்தார்.