எல்லாம் ஐந்து நிமிடத்தில்

கோடையில் வாடகைக்குத் தங்க வருகிறவர்களுக்காக ஓதீல் ஒரு தாள் எழுதி, விருந்தினர் வீட்டுச் சமையலறையில் மாட்டியிருந்தாள். மருந்துக் கடை, ஐந்து நிமிடம். மருத்துவர், ஐந்து நிமிடம். தேவாலயத்துக்குப் பக்கத்தில் பொதுத் தொலைபேசி, அதற்கடுத்து மளிகைக் கடை, எல்லாமே ஐந்து நிமிடம். கடைசி வரி இப்படி இருந்தது: 'எது வேண்டுமானாலும் சிவப்புக் கதவைத் தட்டுங்கள். ஓதீல் எப்போதும் வீட்டில்தான் இருப்பாள்.'

ஒன்பதே வீடுகள் உள்ள அந்த இடத்திலிருந்து சேன் மொரேல் கிராமம் ஏழு கிலோமீட்டர். குறுக்கே டிராக்டர் வராவிட்டால் கால் மணி நேரம். மருந்துக் கடையை மூடி இரண்டு வருடமாகிறது. மருத்துவர் அதற்கும் முன்பே ஓய்வு பெற்றுக் கடற்கரைப் பக்கம் குடியேறிவிட்டார். இதெல்லாம் ஓதீலுக்குத் தெரியாமலில்லை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் தாளில் என்ன மிஞ்சும்? மருந்துக் கடை இல்லாத ஊருக்குக் குழந்தை குட்டியோடு யார் வருவார்கள்? வந்து தங்குகிற ஒரு வாரத்தில் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஆட்டுக்காரன் ஃபெர்னான் மட்டும் விடமாட்டான்.

"உன் தாள்ல இருக்கிற ஊர்ல எனக்கும் ஒரு வீடு பார்த்துக் குடு, ஓதீல். இந்த ஊர் அலுத்துப் போச்சு."

"குடுக்கறேன். உன் ஆட்டு நாத்தத்தை இங்கயே விட்டுட்டு வா," என்பாள் அவள்.

அன்றைக்கு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. திங்களன்று ரொட்டி வண்டிகூட வராது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஓதீல் கழுவிக்கொண்டிருந்தபோது யாரோ கதவை இடித்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்து தங்கியிருந்த சப்ரின், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள்.

"மேடம், எங்க பெரியவ ஏலினுக்கு மூச்சு இழுக்குது. ஆஸ்துமா. கையில இருந்த பம்பு காலி, இன்னொண்ணை ஊர்லயே மறந்துட்டு வந்துட்டோம். எங்க வீட்டுக்காரர் பெனுவா அவளை வண்டியில கூட்டிட்டுப் போயிருக்கார்."

"எங்க?"

"மருந்துக் கடைக்குத்தான். தாளையும் கையோட எடுத்துட்டுப் போனார். அஞ்சு நிமிஷம்னு போட்டிருந்தீங்களே, இருபது நிமிஷமாச்சு, இன்னும் காணோம்."

அந்தப் பள்ளத்தாக்கில் எங்குமே கைபேசி எடுக்காது. அந்தக் குறையைத் தாளில் 'அமைதியான சூழல்' என்று எழுதி வைத்தவளும் ஓதீல்தான். உள்ளே ஓடித் தன் வீட்டுத் தொலைபேசியில் அவசர உதவியைக் கூப்பிட்டாள்.

"குழந்தை இப்ப எங்க இருக்கு?" என்றாள் மறுமுனையில் ஒரு பெண்.

"சேன் மொரேல்ல, மருந்துக் கடை வாசல்ல."

"மருந்துக் கடையிலயா? அப்ப கடைக்காரரைப் பேசச் சொல்லுங்க, என்ன குடுக்கணும்னு நான் சொல்றேன்."

"கடை இல்லம்மா. மூடி ரெண்டு வருஷமாச்சு."

"அப்புறம் எதுக்கு அங்க போனாங்க?"

ஓதீல் அதை விட்டுவிட்டுக் கடைக்கு வழியை மட்டும் சொன்னாள். அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் அந்தக் கடை வாசலுக்கு வரும் என்று சொல்லி மறுமுனையில் வைத்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் சப்ரின் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நேரே போய் ஓதீலின் காரில் ஏறிக் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கியதிலிருந்து கதவைப் பூட்டுவது ஓதீலுக்குப் பழக்கம். அந்த அவசரத்திலும் பூட்டினாள்.

ஆற்றங்கரைச் சாலையில் அப்படியொரு வேகத்தில் அவள் ஜென்மத்தில் ஓட்டியதில்லை. சேன் மொரேலில் ஈ காக்கை இல்லை. வெயிலுக்கு எல்லா வீட்டு ஜன்னல்களும் அடைத்துக் கிடந்தன. மருந்துக் கடையின் பச்சைச் சிலுவைப் பலகை தூசி படிந்து தொங்கியது. வாசலில் கார் இல்லை.

"தாள்ல அடுத்தது என்ன?" என்றாள் சப்ரின்.

"டாக்டர்."

மருத்துவர் வீட்டு வேலிக்கதவு ஆவென்று திறந்திருந்தது. யாரோ உள்ளே போய் வந்ததில் பூந்தொட்டி ஒன்று உருண்டு கிடந்தது. ஓதீல் அடுத்த வரிக்கு வண்டியைத் திருப்பினாள். தேவாலயத்துப் பக்கத்துக் கூண்டிலிருந்து தொலைபேசியைக் கழற்றிக்கொண்டுபோய் வெகுநாளாகிறது. இப்போது ஊர்க்காரர்கள் படித்த புத்தகங்களை அதில் அடுக்கி வைக்கிறார்கள். அந்தப் புத்தகங்களெல்லாம் தரையில் இறைந்து கிடந்தன. பெனுவா அவற்றுக்குப் பின்னால் தொலைபேசியைத் தேடியிருக்கிறான். தான் எழுதியதை ஒரு மனிதன் வரி விடாமல் நம்பியிருக்கிறான் என்ற நினைப்பை ஓதீலால் தாங்க முடியவில்லை.

மளிகைக் கடையில் 'திங்கள் விடுமுறை' என்ற அட்டை. இரும்புக் கதவில் உதைத்த தடம்.

"அடுத்தது?"

ஓதீலின் கை, பையிலிருந்த சாவியைத் தொட்டது.

"என் வீடு," என்றாள்.

தாளில் காட்டுப்பாதையைக் குறுக்குவழி என்று அவள்தான் எழுதியிருந்தாள். பெனுவா அந்த வழியாகத் திரும்பியதால்தான் எதிரில் வரவில்லை. அதே வழியில் அவளும் விரட்டினாள்.

சிவப்புக் கதவின் கண்ணாடி உடைந்திருந்தது. உள்ளே தரையில் பெனுவா உட்கார்ந்திருந்தான். கையில் ரத்தம், காதில் தொலைபேசி, நெஞ்சில் சாய்ந்தபடி ஆறு வயது ஏலின். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்ளே போயின. சப்ரின் கைக்குழந்தையை ஓதீலிடம் திணித்துவிட்டு மகளிடம் ஓடினாள்.

"ஆம்புலன்ஸ் சேன் மொரேலுக்குப் போயிடுச்சாம்," என்றான் பெனுவா. "யாரோ அங்கதான் வரச் சொன்னாங்களாம். இப்பத்தான் திருப்பி விடறாங்க."

"நான்தான் சொன்னேன்," என்றாள் ஓதீல்.

தூரத்தில், பள்ளத்தாக்குக்குக் கீழே, ஆம்புலன்ஸின் ஒலி கேட்டது. அது நெருங்கவில்லை. ஒரு இடத்தில் நின்றேவிட்டது. பிறகு மறுபடியும் தொடங்கியது. ஃபெர்னான் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு சாலை முனைக்கு ஓடினான். அவனிடம் அன்றைக்குக் கேலி எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஏலினின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர்தான் கூடப் போகலாம் என்றார்கள். ஏலின் அப்பாவின் சட்டையை விடவில்லை. பெனுவா ஏறும்முன் ரத்தக் கறை படிந்த தாளை ஓதீலிடம் நீட்டினான்.

"கடைசி வரியாவது நிஜமா இருக்கும்னு நினைச்சேன், மேடம்."

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியபோதும் ஏலினின் உதட்டில் நீலம் அப்படியே இருந்தது.

சப்ரின் விருந்தினர் வீட்டுக்குப் போகவில்லை. செய்தி வருவதானால் இந்த ஒரு தொலைபேசிக்குத்தான் வரவேண்டும். உடைந்த கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே, தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்தாள். ஓதீல் எதிரில் நின்றாள், உட்காரத் தைரியம் வரவில்லை.

"ஆஸ்பத்திரி இங்கிருந்து எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் சப்ரின்.

"அஞ்சு..." பழக்கத்தில் வாய் பாதி சொல்லிவிட்டது. ஓதீல் அதை விழுங்கினாள்.

"அம்பது நிமிஷம்."

சப்ரின் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் கிளம்பி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.