மூக்கால் திறந்த கம்ப்யூட்டர்

உலகத்திலேயே கம்ப்யூட்டரை மூக்கால் திறந்தவன் நான் ஒருவன்தான்!

1978. அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். மேலதிகாரி வைரவன் தினமும் காலையில் கம்ப்யூட்டரின் ரகசியச் சொல்லை மாற்றுவார். அன்று மாற்றிய கையோடு, யாரிடமும் சொல்லாமல், மதுரைக்கு ரயிலேறிவிட்டார். நாலு மணிக்குள் கணக்கு அச்சாகாவிட்டால் ஆராய்ச்சி மாணவி கைசர் ஜஹானின் ஆய்வு ஒரு வருஷம் தள்ளிப்போகும். அவள் அழாத குறை.

நான் தட்டச்சுப் பலகையை முகர்ந்தேன். மயிலாப்பூர் வரை நெய் மணந்தது!

"விளையாடாதீங்க சார்!"

"பளபளக்கிற ஆறு எழுத்தைப் பாரும்மா. வைரவன் கை கழுவ மாட்டார், பேப்பர்ல துடைச்சுக்குவார். இன்னைக்குக் கேன்டீன்ல என்ன டிபன்?"

"பொங்கல்…"

அதையே ஆங்கிலத்தில் PONGAL என்று தட்டினேன்; பளபளத்த அதே ஆறு எழுத்து! இயந்திரம் கடகடவென்று அச்சடித்தது.

தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளும் குனிந்து முகர்ந்தாள்.

"நெய்தான் சார். மூக்காலதான் திறந்தீங்க, ஒத்துக்கறேன்."