ஒரே பக்கத்தில் எல்லாரும்

இணையத்தில் தையல் சொல்லித்தரும் அந்த ஆசிரியை, தன் மாணவிகளின் முகத்தைப் பார்த்ததே இல்லை. திரையில் வெறும் கறுப்புக் கட்டங்கள். கேமராவைப் போடச் சொன்னால், "நெட் போயிடும் டீச்சர்" என்று கோரஸாகப் பதில் வரும்.

அன்று வகுப்பைத் தொடங்கியதுமே அவளுக்கு விஷயம் புரிந்தது. தைத்த துணிகளைப் படமெடுத்து ஆளுக்கொரு இணையப் பக்கத்தில் அடுக்கி வைக்கும் போர்ட்ஃபோலியோவைக் கற்றுத்தர, தன் பக்கத்தையே மாதிரியாக அனுப்பியிருந்தாள். மற்றவர்கள் திருத்த முடியாதபடி அதைப் பூட்டத்தான் மறந்துவிட்டாள். பிள்ளைகள் நகல் எடுக்கவில்லை. முந்தியவளின் படங்களை நீக்கிவிட்டு, அதே பக்கத்தில் தங்களுடையதை ஏற்றியிருந்தார்கள். 'என்னைப் பற்றி' பகுதியை மட்டும் ஏனோ யாரும் அழிக்கவில்லை; இருந்ததன் கீழேயே ஆளாளுக்கு எழுதிச் சேர்த்திருந்தார்கள். அதில் ஒருத்திக்கே டிரைவர் அப்பா, எலக்ட்ரீஷியன் அப்பா, ஏழெட்டுத் தங்கைகள்.

"கடைசியா யாரும்மா இதைத் தொட்டது?"

"நான் இல்ல டீச்சர். நான் எனக்கு முந்தினவளோடத மட்டுந்தான் அழிச்சேன்."

"அடிப்பாவி, நீதானா அது!"

சண்டைக்கு நடுவே சன்னமாக ஒரு குரல். வாயே திறக்காததால் தோழிகளிடம் 'மியூட்டு' என்று பட்டம் வாங்கியவள்.

"டீச்சர், எனக்கு இன்னைக்கு இன்டர்வியூ. தையல் கம்பெனிக்கு இந்த லிங்க்கத்தான் அனுப்பியிருக்கேன். இதோ, கூப்பிடுறாங்க."

கட்டம் மறைந்தது.

ஆசிரியை பழைய பதிப்புகளைப் பதறிப் பதறித் திறந்தாள். பாவாடை, துணிப்பை, குழந்தைச் சட்டை. இதில் எது மியூட்டுடையது? இத்தனை நாள் பாடம் எடுத்தும் அவள் தையல் எப்படியிருக்கும் என்று தெரியவில்லை. தப்பானதை மீட்டால் இருப்பதும் போய்விடும்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றான் கணவன்.

"கொஞ்சம் சும்மா இருங்க."

ஒரு வழியாக மியூட்டு திரும்பி வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

 மியூட்டு சொன்னாள்: "முதல் படத்தப் பத்திக் கேட்டாங்க. அது என்னுது இல்லைங்கன்னேன். அடுத்ததும் இல்லைன்னேன். அப்ப எதும்மா உன்னுதுன்னு சிரிச்சாங்க. கேமராவப் போட்டு, எந்திரிச்சு நின்னு, நானே தைச்சுப் போட்டிருந்த சட்டையக் காட்டினேன். சட்டைக் கைய மடிச்சு உள்தையலக் காட்டச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

கட்டங்கள் மொத்தமாகக் கூச்சலிட்டன. ஆசிரியைக்குப் போன உயிர் வந்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம்," என்றாள் மியூட்டு. "அப்ப இந்தப் பக்கத்த நாம எதுக்குச் செய்யறோம்?"

 "முதல்ல எல்லாரும் கேமராவப் போடுங்க," என்றாள் ஆசிரியை.