ஏழு அப், ஒரு கலண்டர்

கஜனி கட்டிய பொதுக் கலண்டரை அன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் ஏழாகப் பிரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு பளீல் தன் அறைக்குள் போனார்.

அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. கண்டியில், கடுகஸ்தோட்டை வீதியில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த அவருடைய சின்னக் கம்பனி, ஏழு வாடிக்கையாளர்களுக்கு முன்பதிவு அப் செய்து கொடுத்திருந்தது. எல்லாம் லோ-கோட் வேலை. வரி வரியாக எழுதத் தேவையில்லை. ஆயத்தமான பாகங்களைத் திரையில் இழுத்து வைத்துப் பொருத்தினால் போதும். ஒரு அப்பில் நன்றாக அமைந்த பாகத்தைக் கொப்பி எடுத்து அடுத்ததில் ஒட்டுவது அங்கே பழக்கம். அப்படியே கலண்டரும் ஏழு கொப்பியாகிவிட்டது. திடீரென்று ஒரு நாளை விடுமுறை என்று அறிவித்தால் ஏழு இடத்தில் திருத்த வேண்டும். போன வருடம் ஆறில் திருத்தி ஒன்றை மறந்துபோனார்கள். தெல்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

பௌதிகவியல் பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்த கஜனிக்கு அந்த ஏழு கொப்பிகளும் முதல் வாரமே கண்ணை உறுத்தின. அதை வாய்விட்டுச் சொல்ல நான்கு மாதம் தயங்கினாள். கடைசியில் சொல்லாமலே செய்து காட்டினாள். கலண்டர் ஒன்றுதான், ஏழு அப்பும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு இடத்தில் திருத்தினால் ஏழும் திருந்தும். பளீல் அன்று எல்லோருக்கும் வட்டிலப்பம் வரவழைத்தார்.

கண்டியில் பத்து நாள் நடக்கும் பெரஹெரா ஊர்வலத்தில்தான் பிழை வந்தது. கஜனி பிறந்து வளர்ந்தது டவுனுக்குள். பெரஹெரா நாட்களில் பகல் சாய்ந்ததும் வீதியை மூடுவார்கள், வீட்டுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே ஓட வேண்டும். அவளுக்குத் தெரிந்த உலகம் அந்தப் பத்து நாளும் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். இதில் யாரிடம் என்ன கேட்க இருக்கிறது? இரண்டு மணிக்குப் பிறகு பதிவு இல்லை என்று பொதுக் கலண்டரிலேயே போட்டுவிட்டாள்.

அன்று காலை தெல்தெனியவில் இருக்கும் பல் வைத்திய நிலையத்திலிருந்து ஞானேஸ்வரி பேசினாள். அங்கே பதிவுகளைக் கவனிப்பவள். வேலைக்குப் போகிறவர்கள் பின்னேரத்தில்தான் பல் காட்ட வருவார்கள். அப்பில் பத்துப் பின்னேரமும் அடைபட்டுக் கிடந்தது. பெரஹெரா போகிறது கண்டியில், பல் வலிக்கிறது தெல்தெனியவில் என்றாளாம். போனை எடுத்த அஸீமா சிரித்துவிட்டாள். பளீல் சிரிக்கவில்லை.

கஜனி எழுந்து போய் அவருடைய கதவைத் தட்டினாள்.

"சேர், பிழை என்னோடது. கலண்டரோடது இல்ல."

"புள்ள, கொப்பியா ஈந்தா ஒண்டுதான் கெட்டுப்போயிருக்கும். இப்ப ஏழுமெல்லோ கெட்டுப்போச்சு."

"அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்க. சரிவராட்டி நானே பிரிச்சிடுறேன்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அரைமணி நேரத்தில் ஒரு வழி செய்தாள். இரண்டு மணிக் கட்டுப்பாட்டைப் பொதுவிலிருந்து கழற்றி, 'டவுன்' என்று தனிப் பாகமாக்கி, டவுனில் இருக்கும் ஐந்து அப்புக்கு மட்டும் பொருத்தினாள். டவுனுக்கு வெளியே இருக்கும் தெல்தெனியவும் பன்விலயும் தப்பின. வெளியிடப் போன கை நின்றது. போன தடவையும் இதே மாதிரித்தான் நிச்சயமாக இருந்தாள்.

யாரிடமும் கேட்கவில்லை என்பதுதான் முதல் பிழை. வாடிக்கையாளர்களோடு பேசுவது அஸீமாவின் வேலை. அவள் கேட்டுத் தருவதாகவும் சொன்னாள். கஜனி வேண்டாம் என்றாள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக அழைத்து அதை அப்படியே வாசித்தாள். பெரஹெரா நாட்களில் எத்தனை மணி வரை திறந்திருப்பீர்கள்?

மூன்றாவது அழைப்பு வாவிக்கரை விருந்தினர் விடுதிக்கு. அதை நடத்துபவர் முதலில் கேள்வியே விளங்காதவர்போலப் பேசினார். பெரஹெரா பார்க்க வருகிறவர்களால்தான் தங்களுக்கு வருடமே ஓடுகிறது, அந்தப் பத்து நாளும் அடைக்கிற நேரமே கிடையாது என்றார். விடுதி டவுனின் நடுவில் இருந்தது. பன்விலயில் வாகனம் கழுவித் திருத்தும் நிலையமோ நேர்மாறு. பத்து நாளும் வழக்கம்போலத் திறப்பார்கள், கடைசி நாள் மட்டும் முழுநாளும் பூட்டு. வேலையாட்கள் எல்லோரும் பெரஹெரா பார்க்கக் கண்டிக்கு வந்துவிடுவார்களாம்.

அரைமணி நேர வேலையை கஜனி அழித்தாள். டவுன், வெளியூர் என்று பிரித்ததே தவறு. பெரஹெரா எந்தெந்த நாள் என்பது எல்லோருக்கும் ஒன்று. அந்த நாளில் யார் எப்போது கதவைத் திறக்கிறார்கள் என்பது அவரவர் பாடு. நாட்களைப் பொதுக் கலண்டரில் விட்டு, நேரத்தை ஏழு அப்புக்கும் திருப்பிக் கொடுத்தாள்.

நான்கரை மணிக்கு பளீல் வந்து அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"அப்ப இதில பொது என்ன மிஞ்சிச்சி?"

"நாள் பொது சேர். நேரம் அவங்கவங்களோடது. நீங்களே ஏதாவது மாத்தச் சொல்லிப் பாருங்க."

சோதித்துப் பார்க்கப் பத்து நாளையும் ஒரு நாள் தள்ளிப் போடச் சொன்னார். அவள் ஒரு இடத்தில் மாற்றினாள். அஸீமா தன் திரையில் ஏழு அப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். எல்லாவற்றிலும் நாள் நகர்ந்திருந்தது. பல் வைத்திய நிலையத்தின் பின்னேரங்கள் திறந்தே இருந்தன. விடுதிக்கு நேரக் கட்டுப்பாடே இல்லை. பன்வில கடைசி நாளில் மட்டும் பூட்டிக் கிடந்தது.

"சரி, நாட்களைப் பழையபடி வைங்க," என்றார் பளீல். "பிரிக்க வேணாம். பதிவில விலாசம் எழுதுற பெட்டியையும் இப்பிடிப் பொதுவுல போட்டுடுவமா?"

"இப்ப வேணாம் சேர். தேயிலைத் தோட்டத்து ஆளுங்களுக்கு வீட்டு நம்பர் இல்ல, டிவிசன் பேரும் லய வரிசையும்தான் விலாசம். எல்லார்கிட்டயும் கேட்டுட்டுச் சொல்றேன்."

"நேத்து வரைக்கும் வாயில கொழுக்கட்டை வச்சிருந்த புள்ள," என்றாள் அஸீமா.

"வேற யாரும் இந்தக் கலண்டரைத் தொட்டா?" என்று கேட்டார் பளீல்.

"என்கிட்ட கேட்டுட்டுத் தொடட்டும்."

அந்தக் கம்பனியின் அப்களில் ஒவ்வொரு பாகத்திலும் பொறுப்பாளர் என்று ஒரு கட்டம் உண்டு. இதுவரை யாரும் நிரப்பியதில்லை. நாட்களைப் பழையபடி வைத்துவிட்டு, கஜனி கலண்டரின் கட்டத்தில் தன் பெயரை எழுதி வெளியிட்டாள்.