கழுவாத பொறி

பொறியின் கதவைத் தூக்கிப் பார்த்தாள் எலிக்காரி. காலி. அடுத்ததும் காலி. வயல் எலிகளை வருடக்கணக்காக ஆராய்கிறவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர்தான் எலிக்காரி. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். வெள்ளம் வடிந்த இந்தப் புல்வெளியில் எலிக்குடும்பம் பிழைத்திருக்கிறது என்று மதியத்துக்குள் காட்டாவிட்டால், கட்டடம் கட்ட இஞ்சினியர் இடத்தைச் சமப்படுத்திவிடுவார். மண் தள்ளும் வண்டி ஓரத்தில் இப்போதே உறுமிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுகூட இல்லையா?” என்றார் கணவர். பல் டாக்டர். உதவிக்கென்று லீவு போட்டுவிட்டு வந்த மகராசன். பொறிகளைத் தினமும் கொதிநீரில் போட்டு, கிளினிக் மருந்தால் துடைத்து, பளபளவென்று அடுக்கிக் கொடுப்பது அவர்தான். அவளும் வாயெல்லாம் பல்லாகப் பாராட்டியிருக்கிறாள்.

என்னவோ தோன்றிப் பொறியை மோந்து பார்த்தாள். அடக் கடவுளே!

“ஏங்க, இதுல உங்க கிளினிக் வாடை அடிக்குது!”

“சுத்தமா இருந்தா நல்லதுதானே?”

“மனுஷனுக்கு நல்லது! இதுங்க இன்னொரு எலி வாடை இருந்தாத்தான் உள்ள காலெடுத்து வைக்கும். பல்லப் பிடுங்கிடுவீங்கன்னு ஓடியிருக்கும்!”

இத்தனை படித்தும் இது உறைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் கண்ணில் படாமல் தப்பிய பழைய பொறி ஒன்று கார் டிக்கியில் கிடந்தது, வெள்ளத்துக்கு முன்னால் பிடித்த எலியின் புழுக்கையோடு. அதைப் புல்லடியில் வைத்துவிட்டு இருவரும் சேற்றில் குப்புறப் படுத்தார்கள்.

டப்பென்று கதவு விழுந்தது.

“ஐயோ, அம்மாங்க இவ! பால் குடுத்துக்கிட்டிருக்கா!” எலியின் வயிற்றைப் பார்த்ததும் அவள் குதித்த குதியில் டாக்டரும் சேர்ந்து குதித்தார்.

இஞ்சினியர் எட்டிப் பார்த்தார். “ஒரே ஒரு எலிதானே மேடம்? வழி தவறி வந்திருக்கும்.”

அவள் எலியைத் திறந்து விட்டாள். அது விட்டால் போதுமென்று ஓடி ஒரு புல் புதருக்குள் நுழைந்தது. பின்னாலேயே போய் விரல் நுனியால் புல்லை விலக்கினாள். கூட்டில் கண் திறக்காத குட்டிகளும் மயிர் முளைத்த குட்டிகளும் கலந்து கிடக்க, மேலே இன்னொரு தாய். வந்தவள் அவளை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தாள்.

“பாருங்க சார்! ரெண்டு அம்மா, ஒரே வீடு. ஒருத்தி தீனிக்குப் போனா இன்னொருத்தி எல்லாப் பிள்ளைங்களையும் சூடா வெச்சுக்குறா. இப்படித்தான் பிழைச்சிருக்காங்க!”

வண்டிக்காரர் இஞ்சினை அணைத்தார். இஞ்சினியர் கிட்டே வந்து பார்க்க ஒரு காலைத் தூக்கினார். அதற்குள் இரண்டாவது தாய் கூட்டைவிட்டுப் பாய்ந்து, அவர் பூட்ஸை உரசிக்கொண்டு புல்லுக்குள் மறைந்தாள்.

“அசையாதீங்க சார்! உங்க காலடியிலதான் எங்கேயோ இருக்கா!” என்றாள் எலிக்காரி.

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் இஞ்சினியர் அப்படியே நின்றார்.