உறை கிழித்த மாத்திரைகள்

அன்பரசன் முதலில் அடித்தது மாட்டை. கறக்கும்போது கால் மாற்றி நின்றதற்காக மூங்கில் கழியால் அதன் முதுகில் விளாசினான். கழி முறிந்தது. முறிந்த முனையால் விலாவில் குத்தினான். ரத்தம் கோடு போட்டு இறங்கிய பிறகுதான் நின்றான். இருபத்தெட்டு வயதுவரை ஒரு கோழியைக்கூட விரட்டாத பிள்ளை.

"அப்பா, எனக்கு என்னமோ பண்ணுதுப்பா. அந்த மாத்திரை போட்டதுலேந்து உள்ள கொதிச்சுக்கிட்டே இருக்கு."

"மெதுவாப் பேசு. உன் பொண்டாட்டி காதுல விழப்போவுது," என்றேன்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் அவனுக்கு வலிப்பு வந்தது. வயல் வரப்பில், என் கண்ணெதிரே. வேறு யாரும் பார்க்கவில்லை. திருத்துறைப்பூண்டியில் தெரிந்த முகங்கள் அதிகம் என்பதால் பஸ் ஏறித் தஞ்சாவூருக்கே அழைத்துப் போய்க் காட்டினேன். அங்கே கொடுத்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டேன். அட்டையையும், உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தையும், டாக்டர் சீட்டையும் அடுப்பில் போட்டு எரித்தேன். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். பெண் வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் அப்பா காத்தான் பண்ணையில் ஆளாகக் கிடந்தவர். களத்தில் எல்லார் முன்னாலும் அவரை முதுகில் உதைத்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. இன்று அதே வாய்க்காலில் எனக்கு மூன்று ஏக்கர் பாய்கிறது. என் மகன் வாத்தியார், மருமகள் டீச்சர். இந்த வீட்டை எதற்காகவும் எவனும் கீழாகப் பார்க்க நான் விடமாட்டேன்.

அடுத்தது அறிவுச்செல்வன். எங்கள் வயலுக்கு மேல் வயல்காரன், பங்காளி முறை. எங்கள் முறைத் தண்ணீர் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே எங்கள் மடையை அடைத்துத் தன் பக்கம் திருப்பிவிட்டான். அன்பரசன் கேட்டதற்குச் சிரித்தான்.

"என்னா வாத்தியாரே, பொண்டாட்டி சீதனமா கொண்டாந்த தண்ணியா இது?"

ஊரில் தினமும் கேட்கிற பேச்சுதான். அன்பரசன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அவன் தாடையில் அடித்தான். இரண்டு பற்கள் தண்ணீரில் விழுந்தன. அறிவு சேற்றில் சாய்ந்த பிறகும் அடி நிற்கவில்லை. தோளில், கையில், மறுபடி தாடையில். நான்கு பேர் சேர்ந்துதான் அவனைப் பிரித்தார்கள். அறிவு சேற்றிலிருந்து என்னைப் பார்த்து, "பெரியப்பா" என்றான். அதற்கு மேல் தாடை அசையவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்கு எங்களைப் பார்த்து நாலு பேர் பின்னால் நகர்ந்தார்கள். என் அப்பாவுக்கு அது ஒரு நாளும் நடந்ததில்லை. டீக்கடையில் கேட்டவர்களிடம், "எங்க வம்சத்துக்கே கோவம் கொஞ்சம் ஜாஸ்தி," என்றேன். ஊர் பேசி முடித்துவைத்தது.

அந்த மாதம் தஞ்சாவூர் போனபோது, இடையில் லேசாக ஒரு வலிப்பு வந்துபோனதைச் சொன்னோம். டாக்டர் அளவைக் கூட்டினார். பிறகு அன்பரசனைப் பார்த்து, "கோபம், எரிச்சல், அடிக்கணும்போல வர்றது, ஏதாவது உண்டா?" என்றார்.

அவன் வாய் திறப்பதற்குள், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தங்கமான பிள்ளை," என்று நான் சொல்லிவிட்டேன். அன்பரசன் என்னைப் பார்த்தான். தலை குனிந்துகொண்டான்.

அளவைக் கூட்டிய ஒன்பதாம் நாள் காலை. பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் கயல்விழி அந்த டப்பாவை எடுத்துக் குலுக்கினாள்.

"என்னங்க, வெறும் வைட்டமினுக்கு ரெண்டு வேளை அலாரமா? எனக்கும் ஒண்ணு குடுங்களேன், நானும் அழகாயிடறேன்."

வாசலில் இருந்த எனக்கு அவள் சிரிப்பு கேட்டது. அடுத்து எலும்பு முறியும் சத்தம். அன்பரசன் அவள் கையை முறுக்கிக் கதவு நிலையில் மோதியிருந்தான். அவள் அலறினாள், அவன் விடவில்லை. நான் ஓடி இடையில் விழுந்தேன். என்னையும் தள்ளினான். என் வீட்டுத் தரையில் நான் விழுந்தது அதுவே முதல் தடவை. அதன் பிறகு அவன் தன் தலையைச் சுவரில் மோதத் தொடங்கினான். வெள்ளைச் சுவரில் ரத்தம் அப்பியது.

மறுநாள் நடுப்பகலில் அவள் அண்ணன் பரிதி, மூன்று பேரோடு பூம்புகாரிலிருந்து வந்து இறங்கினான். அன்பரசனைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவன் கை தூக்கவே இல்லை. "அடிங்க மச்சான்," என்றான். உதடு கிழிந்தது. விலாவில் உதைத்தார்கள். என் அப்பாவை உதைத்த சத்தம் அது.

"விடுங்கடா! அவனுக்கு வலிப்பு! மாத்திரை பண்ற வேலைடா இது!"

நான் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. பரிதி மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"டீக்கடையில வம்சத்துக் கோவம்னீங்களாமே பெரியவரே? ஒத விழுந்ததும் நோயாயிடுச்சா? எங்க சீட்டு? எங்க அட்டை? எடுத்துக் காட்டுங்க."

எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. எல்லாம் என் கையால் எரித்தவை. பரிதி இன்னொரு உதை விட்டான். விலா முறிந்தது.

அன்பரசனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தஞ்சாவூர் போனேன். நடந்ததைச் சொல்லி, மாத்திரைதான் காரணம் என்று எழுதித் தரக் கேட்டேன். டாக்டர் கோப்பைத் திருப்பிக் காட்டினார்.

"சிலருக்கு இந்த மருந்து கோபத்தைக் கிளப்பிவிடும். அதுக்குத்தானே கேட்டேன்? சொல்லியிருந்தா வேற மருந்துக்கு மாத்தியிருப்பேன். 'கோபம் இல்லை, தகப்பனார் சொன்னது'ன்னு எழுதியிருக்கு பாருங்க. இப்ப நீங்க சொன்னதையும் எழுதறேன். ஆனா பழைய வரியை அடிக்க மாட்டேன். மருந்தை மட்டும் திடீர்னு நிறுத்திடாதீங்க, உயிருக்கே ஆபத்து. படிப்படியா மாத்தணும்."

அந்தத் தாளின் நகலோடு, கயல்விழி புகார் கொடுத்திருந்த மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். கட்டுப்போட்ட கையோடு கயல்விழி, பக்கத்தில் பரிதி. சாட்சி சொல்ல அறிவுச்செல்வன், தாடை இறுகக் கட்டியபடி. இன்ஸ்பெக்டர் அம்மா தாளை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இதுல முதல்ல கோபம் இல்லைன்னுதானே போட்டிருக்கு?" என்றார்.

"அது நான் சொன்ன பொய்ங்க," என்றேன். "அவன் சொல்ல வந்தான். நான் விடல."

கயல்விழி என் பக்கம் திரும்பாமல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்.

"கேஸு இருக்கட்டும் மேடம். நான் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா அவரை உள்ள வெச்சாலும் மாத்திரையை நிறுத்திடாதீங்க. அதையும் எழுதிக்குங்க." பிறகுதான் என்னைப் பார்த்தாள். "இதை என் கை முறியறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம் மாமா."

நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. ஏட்டம்மா நான் சொன்ன பொய்யை ஒரு தாளில் எழுதி, பேனாவை நீட்டினார். நின்றபடியே, காத்தான் மகன் வைரக்கண்ணு என்று அதன் கீழே முழுதாக எழுதினேன்.