தளவானூர் போன வாசற்படி

செஞ்சி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சிங்காரவேலு வீட்டு வாசற்படி, கொரோனா வருஷத்துச் சித்திரையில் தளவானூருக்கு நடந்து போனது. கருங்கல் படி, நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. தர்ப்பூசணி கேட்பாரில்லாமல் வயலிலேயே அழுகிய மாதம் அது என்பதால் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் சிங்காரவேலுவின் மனைவி சாரதாதான். கைக்குழந்தை விக்ரமனைப் பார்த்துக்கொள்ள ரஞ்சிதம் அந்த வீட்டோடு தங்கியிருந்தாள். ஊரடங்கு வந்ததும், இவள் ஊருக்குப் போய் நோயை வாங்கிவருவாளோ என்று சாரதாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கதவைப் பூட்டியிருக்கலாம், பூட்டு என்றால் சாவி போட்டால் திறந்துவிடும். அதை விட்டு, பிள்ளை தலைமேல் ரஞ்சிதத்தின் கையை வைத்து, நோய் போகும்வரை இந்தப் படியைத் தாண்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள்.

அடுத்த வாரமே தளவானூரில், மாமன் வீட்டில் வளர்ந்த ரஞ்சிதத்தின் மகள் ஜெயசுதா பெரியவளானாள். தகப்பன் தாண்டவராயன் பெங்களூரில் கட்டட வேலையில் மாட்டிக்கொண்டிருந்தான். மாமன் பச்சை ஓலைக் குடிசை கட்டி உட்காரவைத்தார். தண்ணீர் ஊற்ற நாள் குறித்தார்கள். "நீ வந்து ஊத்துனாத்தாம்மா எழுந்திருப்பேன்" என்று போனில் அழுதது பெண். ரஞ்சிதம் சாரதாவிடம் கெஞ்சினாள். "போனா திரும்பி உள்ள சேர்க்கமாட்டேன். சத்தியம் வேற பண்ணிருக்குற, புள்ளைக்கு எதனா ஆச்சுன்னா?" என்றாள் சாரதா. சிங்காரவேலு டென்ஷனாகி மாடிக்குப் போய்விட்டார். கடை மூடிய வியாபாரிக்கு வேறு போக்கிடம் ஏது.

அந்த நாள் விடிந்ததும் ரஞ்சிதம் பிள்ளையைச் சாரதாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். ஓர் அடி வைத்தாள்; படி முன்னே நகர்ந்தது. இன்னோர் அடி வைத்தாள், அதுவும் நகர்ந்தது. சரி என்று நடந்தாள். கூட்டுரோட்டில் போலீஸ்காரர் தடியை நீட்டி, "இன்னாம்மா, பாஸ் இருக்குதா?" என்றார். "நான் வூட்டவுட்டு வெளியவே வரல சார். படி முன்னாடிதானே இருக்குது" என்றாள். அவர் படியையும் அதன்மேல் இருந்த கோலத்தையும் பார்த்தார். வீட்டுக்குள் இருப்பவளை மடக்கச் சட்டத்தில் இடமில்லாததால் விட்டுவிட்டார்.

உச்சிவெயிலில் தளவானூர் வந்தது. குடிசைக்கு எதிரே, சொம்பு எட்டாத தூரத்தில் படி நின்றுவிட்டது. பெண் உட்காரப் போட்ட மணையை நகர்த்தும் வழக்கம் இல்லை. ரஞ்சிதம் போன் போட்டாள். "சத்தியம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா." சாரதா அழுதாளே தவிர சொல்லவில்லை. படியைத் தாண்ட ரஞ்சிதம் காலைத் தூக்கினாள். உள்ளங்கையில் விக்ரமனின் உச்சிக்குழி துடித்தது. தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டாள். அதை ஜெயசுதா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மாமன் மனைவி தைலம்மாளே தண்ணீர் ஊற்றினாள். பெண் எழுந்துகொண்டாள், அம்மா பக்கம் திரும்பவில்லை.

ரஞ்சிதம் படிக்கு இந்தப் பக்கமே, வேப்பமரத்தடியில் பொங்கித் தின்று ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தாள். எல்லாருக்கும் ஊசி போட்டான பிறகு சாரதா விக்ரமனோடு ஆட்டோவில் வந்து, "தப்பு பண்ணிட்டேன் ரஞ்சிதம், அந்தச் சத்தியம் இல்ல" என்று பிள்ளை தலைமேல் கைவைத்துச் சொன்னாள். மனதார வருந்தித்தான் சொன்னாள்; அதில் குறை சொல்ல முடியாது. ரஞ்சிதம் படியைத் தாண்டி மகளிடம் ஓடினாள். படி அவளை முந்திக்கொண்டு போய் ஜெயசுதாவின் காலடியில் படுத்துக்கொண்டது. அங்கே போ என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

சிங்காரவேலு வீட்டுக்கு வேறு படி போட்டாயிற்று. விக்ரமன் பள்ளிக்கூடம் போகிறான். ரஞ்சிதம்தான் கொண்டுபோய் விடுகிறாள். தைலம்மாள் குடும்பம் அனந்தபுரத்துக்குக் குடிபோனது. ஜெயசுதா அங்கே தங்கிப் பிளஸ் டூ படிக்கிறாள், படியும் அந்த வீட்டு வாசலில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரஞ்சிதம் பஸ் ஏறி வருகிறாள். உள்ளே வரட்டுமா என்று முதலில் கேட்டுப் பார்த்தாள். "அங்கியே குந்தும்மா, உள்ள காத்து வராது" என்றாள் மகள். இப்போது கேட்பதில்லை. ஜெயசுதா காப்பி டம்ளரைப் படிமேல் வைக்கிறாள். ரஞ்சிதம் எடுத்துக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துப் பஸ்ஸுக்குப் போகிறாள்.